வழி மறந்த இருவாச்சிகள்

எஸ்தர் ராணி உருவாக்கிய மருந்து எதையும் கொல்வதில்லை. அந்த ஒரு வரிதான் அதை விற்றது. எலியின் மூளையில் இடங்களை நினைவு வைத்துக்கொள்ள ஒரு சின்னஞ்சிறு பகுதி உண்டு. மருந்து அதை மட்டும் அவித்துவிடும். எலி உயிரோடுதான் இருக்கும், ஓடும், தின்னும். ஆனால் புறப்பட்டு வந்த வளைக்குத் திரும்பிப் போகத் தெரியாது. வளைகள் வெறுமையாகும், இரண்டு மூன்று தலைமுறையில் எலிகளின் எண்ணிக்கை சரிந்துவிடும் என்று அவள் ஆய்வறிக்கையில் எழுதியிருந்தாள். பொட்டலத்தின்மேல் மண்டையோட்டுப் படம் போட வேண்டிய அவசியமே வரவில்லை. 'வழிமாற்றி' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனைமலையில் வெண்பாறை எஸ்டேட்டில்தான் முதன்முதலில் தூவினார்கள். அதற்கு முந்தைய மூன்று மழைக்காலங்களில் அங்கே லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகளில் எலிக்காய்ச்சல் பதினொரு பேரைக் கொண்டுபோயிருந்தது. தூவிய பிறகு இரண்டு மழைக்காலம் வந்துபோனது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. கோயம்புத்தூரில் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு அந்தச் செய்தி வந்த நாளில், நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாகத் தன் வேலையைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது வருடம் மார்ச் மாதத்தில் ஒரு போன் வந்தது. பேசியவர் செல்லன். காடர் இனத்தவர், வனத்துறைக்காக இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் கண்காணிப்பவர். எஸ்தரின் நம்பரை மருந்துப் பொட்டலத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்.

"பறவை சாகல மேடம். ஆனா வீட்டுக்கு வரல. நீங்க ஒருதரம் வந்து பாத்துட்டா நல்லது."

மறுநாள் காலையிலேயே அவள் மலையேறிவிட்டாள்.

செல்லனுக்கு அவள் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாத மனிதர். ஒன்பதாம் எண் கூட்டுக்கு அழைத்துப் போனார். சரிவின் கீழேயிருந்து எழும்பிய பெரிய மரம். சரிவின் மேல்பக்கம் ஒரு பாறை. பாறையில் நின்றால் பன்னிரண்டு அடி தூரத்தில், கண்ணுக்கு நேராக, மரப்பொந்து. பொந்தின் வாய் மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறலில் மஞ்சள் அலகின் நுனி தெரிந்தது.

இருவாச்சியைப் பற்றி எஸ்தர் படித்திருந்தாள். தை பிறந்ததும் பெட்டை பொந்துக்குள் போய்த் தன்னை அடைத்துக்கொள்ளும். உள்ளே இறகுகளை உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. மூன்று நான்கு மாதத்துக்கு அதற்கும் குஞ்சுக்கும் சோறு ஆண் பறவைதான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்து, அந்தக் கீறல் வழியாக ஊட்டிவிட்டுப் போகும்.

ஒன்பதாம் கூட்டுக்கு ஆண் வந்து இரண்டு நாளாகியிருந்தது.

பறவையின் முதுகில் நகத்தளவு கருவி ஒன்று ஒட்டியிருந்ததால், அது போன வழி செல்லனின் போனில் கோடுகளாகப் பதிவாகியிருந்தது. பிப்ரவரி மாதத்துக் கோடுகள் எல்லாத் திசையிலும் போய் எல்லாமே ஒரே புள்ளிக்குத் திரும்பியிருந்தன. கடைசி இரண்டு நாள் கோடுகள் சிக்குப் பிடித்த நூல் மாதிரி இருந்தன. அவை எந்தப் புள்ளியையும் இரண்டாவது தடவை தொடவில்லை.

அந்தச் சிக்கலின் கடைசி முனையைத் தேடி இருவரும் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். ஆண் பறவை ஒரு காட்டுப்பலா மரத்தில் இருந்தது. இறகு பளபளப்பாக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. எந்த நோயும் இல்லை. அந்த மரத்தில் பொந்தும் இல்லை. பறவை தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, வெறும் மரப்பட்டையில் வைத்து மெல்ல அழுத்தியது. பழம் கீழே விழுந்தது. தலையைச் சாய்த்துப் பட்டையைப் பார்த்தது. அடுத்த பழத்தை எடுத்தது. அதுவும் விழுந்தது. மரத்தடியில் சருகின்மேல் முப்பது நாற்பது பழங்கள் கிடந்தன. எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"காலைல இருந்து இதான்," என்றார் செல்லன். "நேத்து வேற ஒரு மரத்துல."

எஸ்தர் அங்கேயே ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டுக்காலத்தில் இருவாச்சி பழத்தோடு எலி, ஓணான் எல்லாம் பிடிக்கும். வழி தெரியாமல் பகலில் திரியும் எலியைவிடச் சுலபமான இரை இந்த மலையில் எது இருக்கிறது? பறவைகளிடம் சோதித்தோமே என்று அவள் தனக்குள் வாதாடினாள். சோதித்திருந்தாள்தான். புறா, கோழி, மைனா, மூன்றிலும் நூற்றுக்கணக்கில். எல்லாம் கூண்டில் பிறந்தவை. மறப்பதற்கு அவற்றுக்கு வீடு ஏது?

திரும்பி வரும் வழியில் செல்லன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எலி வளையிலயும் இப்படித்தான் நடந்துச்சா மேடம்?"

"எப்படி?"

"உள்ள குட்டி இருந்திருக்கும்ல."

வளைகள் வெறுமையாகும் என்று தான் எழுதிய வாக்கியம் எஸ்தருக்கு நினைவு வந்தது. எப்படி வெறுமையாகும் என்று அவளையும் யாரும் கேட்டதில்லை, அவளும் எழுதவில்லை.

இருபத்து மூன்று கூடுகளில் ஏழில் ஆண் வழிதவறியிருந்தது. பதினேழாம் கூட்டில் பெட்டை பசி பொறுக்காமல் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்திருந்தது. மரத்தடியில் கொஞ்சம் இறகும் சிறுத்தையின் தடமும் மட்டும் மிஞ்சின. மற்ற ஆறு கூடுகளுக்குச் செல்லனும் அவர் பங்காளிகள் இரண்டு பேரும் தேன் எடுக்க மரமேறுகிற மாதிரி மூங்கில் முளை அடித்து ஏறி, கீறல் வழியாகப் பழம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எஸ்தர் உரிமக் குழுவின் செயலாளரைப் போனில் பிடித்தாள். வழிமாற்றியின் உரிமத்தைப் புதுப்பித்து, மலைத்தொடர் முழுவதற்கும் நீட்டிக்கும் கூட்டம் இன்னும் பன்னிரண்டு நாளில் இருந்தது. செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். வழிதவறிய ஆண் பறவைகள் நலமாக இருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கின்றன. அடைபட்ட பெட்டைகள்? ஆள் வைத்து ஊட்டுகிறோம், உயிரோடு இருக்கின்றன. பதினேழாம் கூடு? அது சிறுத்தை தின்றது, மருந்து என்ன செய்யும் என்றார்.

"சட்டத்துல வேட்டை இருக்கு, காயம் இருக்கு, கொலை இருக்கு. மறதி இல்லைங்க மேடம். பாதுகாக்கப்பட்ட பறவை, மருந்தால செத்ததுன்னு ஒரே ஒரு உடல் காட்டுங்க. நானே நிறுத்தி வைக்கிறேன்."

அன்று முழுக்க எஸ்தரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எஸ்டேட் விருந்தினர் அறைக்கும் தேயிலைச் சரிவுக்குமாக நடந்தாள். ஊட்டினால் பறவை பிழைக்கும், அதோடு மருந்தும் பிழைக்கும். மலைத்தொடர் முழுக்க எத்தனை கூடு என்று யாருக்கும் தெரியாது. அங்கெல்லாம் மரமேற ஒரு செல்லன் இருக்கப்போவதில்லை. ஒரு கூட்டைக் கைவிட்டு, பட்டினியில் செத்த பெட்டையின் உடலைக் காட்டினால் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றலாம். இந்த வாதத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியாகவே இருந்தது. அதுதான் அவளை வதைத்தது.

ஒன்பதாம் கூட்டுக்கு இனி பழம் கொடுக்க வேண்டாம் என்று செல்லனிடம் சொன்னாள்.

"மத்த அஞ்சுக்கும் நான் போறேன்," என்றார் அவர். "அந்த மரத்துப் பக்கம் நான் வரமாட்டேன். அங்க நிக்கணும்னா நீங்கதான் நிக்கணும்."

இது லயத்துக்குத் தெரியாமல் செய்கிற காரியமல்ல என்று எஸ்தருக்குப் பட்டது. அவளே போய்ப் பிச்சம்மாளைப் பார்த்தாள். பிச்சம்மாள் கொழுந்து பறிக்கிறவள், ஐம்பது வயது, லயத்துப் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல். புருசனை எலிக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், உள்ளே படுத்திருந்தாள். பிரசவம் ஜூனில், மழை பிடிக்கிற நேரத்தில்.

எஸ்தர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு பறவை செத்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்பதையும், ஒன்பதாம் கூட்டில் அதற்காகத்தான் காத்திருக்கப்போகிறேன் என்பதையும் சொன்னாள். பிச்சம்மாள் சண்டைக்கு வரவில்லை. டம்ளரில் பாலில்லாத கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மூணே நாள் படுத்திருந்தார் டாக்டரம்மா. மூணாம் நாள் கண்ணு ரெண்டும் மஞ்சக்கிழங்கு மாதிரி ஆயிருச்சு. என்னையே யாருன்னு கேட்டார்." அவள் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க பறவை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா அது செத்தா என் வீட்டு வாசல்ல மறுபடி எலி வரும். அதை மட்டும் யோசிச்சுக்குங்க."

எஸ்தர் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஒன்பதாம் கூட்டின் எதிரே அவள் தினமும் காலை பத்து மணியிலிருந்து வெயில் சாயும்வரை உட்கார்ந்தாள். நோட்டில் நேரம் போட்டு எழுதினாள். முதல் நாள், அலகு கீறலை விட்டு நகரவேயில்லை. இரண்டாம் நாள், பெட்டை ஒரு தடவை கூப்பிட்டது. தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு குரல். அன்று எஸ்தர் மத்தியானச் சோற்றைப் பிரிக்கவில்லை. மருந்து நிறுவனத்திலிருந்து மூன்று அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கீறலில் ஒன்றும் தெரியவில்லை. செத்துவிட்டதோ என்று நினைத்த மறுகணம், செத்திருக்க வேண்டும் என்று தானே விரும்பியதும், அந்த விருப்பத்தைக் கண்டு தானே நடுங்கியதும் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் அலகு மறுபடி தெரிந்தபோது அவள் அழுதாள். எதற்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறாம் நாள் பெட்டை பலவீனப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அது உள்ளிருந்து எச்சத்தை வேகமாக வெளியே பீச்சியது. அடைப்பின் விளிம்பைப் புதிதாகப் பூசிக்கொண்டும் இருந்தது. எஸ்தர் அதை அப்படியே எழுதினாள். எழுதியதை அவளால் நம்ப முடியவில்லை.

ஏழாம் நாள் விடியற்காலை அவள் தோட்டத்து ஆலமரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கினாள். எந்த முடிவும் எடுத்துப் போகவில்லை. கை தானாகப் பொறுக்கியது. துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு பத்து மணிவரை காத்திருக்காமல் காட்டுக்குள் போனாள்.

பாறையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பிச்சம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்கள். ஒருத்தி நீளமான சில்வர் ஓக் கம்பைப் பிடித்திருக்க, அதன் நுனியில் பிளந்து கட்டிய மூங்கிலில் பிச்சம்மாள் பழத்தைச் செருகினாள். கம்பு நீண்டது. கீறலிலிருந்து அலகு வெளியே வந்து, பழகிய கையிலிருந்து வாங்குவது போலப் பழத்தை எடுத்துக்கொண்டது.

எஸ்தரைப் பார்த்ததும் மற்ற இருவரும் கம்பை இறக்கப் போனார்கள். பிச்சம்மாள் இறக்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இது செத்தாத்தான மருந்தை நிறுத்துவாங்க? சாகவிடாம நாங்க பாத்துக்கறோம்."

"எத்தனை நாளாக்கா?"

"நீங்க வந்து சொன்ன மறுநாள்ல இருந்து. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒருதரம், போனதுக்கப்புறம் ஒருதரம்." பிச்சம்மாளின் கண் எஸ்தரின் துப்பட்டா முடிச்சில் போய் நின்றது. அது என்னவென்று அவள் கேட்கவில்லை. "மொத நாள் வாங்கவேயில்ல. மூணாம் நாள்தான் வாங்குச்சு. வாங்கினப்போ, சொல்லக்கூடாது, எனக்கு மருந்து ஞாபகமே இல்ல."

எஸ்தர் முடிச்சை அவிழ்த்துப் பழங்களைப் பாறையில் கொட்டினாள்.

அன்றே உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள்: ஏழு ஆண் பறவைகள் வழி மறந்தன, ஒரு கூடு அழிந்தது, ஆறு பெட்டைகள் உயிரோடு இருக்கின்றன, மனிதர்கள் ஊட்டுவதால் மட்டுமே. மருந்து கொல்லாது என்று எழுதியவள் நான், பொந்துக்குள் இருப்பவற்றை நான் எண்ணவில்லை என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டாள். நிறுவனம் அவளை விடுப்பில் போகச் சொன்னது. அவள் கோயம்புத்தூருக்குத் திரும்பவில்லை; வெண்பாறையிலேயே ஒரு லயத்து வீட்டில் தங்கிவிட்டாள்.

குழுவின் முடிவு ஏப்ரல் கடைசியில் வந்தது. அவளுடைய அறிக்கையைப் பாராட்டியிருந்தார்கள். மருந்தால் நேர்ந்த இறப்பு எதுவும் இல்லை என்பதை அந்த அறிக்கையே உறுதி செய்வதாகக் குறித்திருந்தார்கள். வெண்பாறைப் பெண்களின் முயற்சி மற்ற இடங்களுக்கும் முன்மாதிரி என்று சொல்லி, மருந்து தூவும் ஒவ்வொரு எஸ்டேட்டும் கூட்டுக்காலத்தில் பறவைகளுக்கு ஊட்ட ஆள் நியமிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, மலைத்தொடர் முழுவதற்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். செல்லன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். எஸ்டேட்டே இல்லாத காட்டில் யார் போய் ஊட்டுவார்கள் என்று இதில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருக்கவில்லை.

பிச்சம்மாளுக்கு நிம்மதிதான். ஆனாலும் ஊட்டுவதை நிறுத்தவில்லை. குஞ்சு பொரித்திருந்தது, பொந்துக்குள்ளிருந்து இரண்டு குரல் கேட்டது. பறிப்பு முடிந்து வருகிற பெண்கள் முறை வைத்துக்கொண்டு பாறைக்குப் போனார்கள். இன்று எத்தனை பழம் வாங்கியது என்று லயத்தில் ஒருத்தியை ஒருத்தி விசாரித்தார்கள்.

மே இரண்டாம் வாரத்தில் ஒன்பதாம் கூட்டின் பெட்டை அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதுதான் முறை என்று செல்லன் சொன்னார்: குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் வெளியே வரும், குஞ்சு தானே பொந்தின் வாயைப் பூசிக்கொள்ளும், அதன்பின் தாயும் இரை கொண்டுவரும். பெண்கள் கொழுந்துக் கூடையோடு பாறையில் கூடி நின்று பார்த்தார்கள். புது இறகு முளைத்த பெட்டை கொஞ்ச நேரம் கிளையில் உட்கார்ந்திருந்தது. பிறகு எழும்பித் தேயிலைச் சரிவைத் தாண்டிப் போனது. ஒருத்தி கும்பிட்டாள்.

சாயங்காலம்வரை அது திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் செல்லன் அதைப் பக்கத்து மலையில் பார்த்துவிட்டு வந்தார். தொண்டை நிறையப் பழத்தோடு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தது.

எஸ்தர் பிச்சம்மாளைத் தேடிப் பாறைக்கே போனாள். பொந்தில் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. பிச்சம்மாள் கம்பில் பழம் செருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்குப் பழத்தைத் தவிர வேற என்ன குடுத்தீங்க?"

"குஞ்சு பொரிச்சா கறியும் வேணும்னு செல்லன் மத்த கூட்டுக்கு ஓணான் பிடிக்கறப்போ சொன்னாரு. அந்த மனுசருக்கு மரமேறவே நேரம் பத்தல, அவரை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு நாங்களே குடுத்துட்டோம். லயத்துல ஒண்ணு ரெண்டு எலி சும்மா திரியுதுல்ல, ஓடி ஒளியக்கூடத் தெரியாது. கையாலயே பிடிச்சு..."

அவள் பேச்சு பாதியில் நின்றது. பிச்சம்மாள் கம்பை மெதுவாகப் பாறையில் கிடத்திவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேலையில் அழுத்தித் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"குஞ்சுக்கும் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"அது இன்னும் வீட்டை விட்டு வெளியவே வரலியே டாக்டரம்மா. அது எதை மறக்கும்?"

எஸ்தருக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னாள்.

மேற்கே மேகம் கருக்கத் தொடங்கியிருந்தது. மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பிச்சம்மாள் எஸ்தரைப் பார்க்காமல் பொந்தைப் பார்த்துப் பேசினாள்.

"முன்னாடி, அடுத்தடுத்து சாவு விழுந்தப்புறம், எங்களுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. வாரம் ஒருக்கா சாக்கடை அள்ளுவாங்க. மழைக்கு முன்னாடி நர்ஸம்மா வந்து மாத்திரை குடுக்கும். லயத்துக்குத் தரை போட்டுத் தர்றோம்னாங்க, பாதி போட்டாங்க. இந்த மருந்து வந்ததும் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. இனிமே எதுக்குன்னாங்க. எங்களுக்கும் சரின்னுதான் பட்டுச்சு."

எஸ்தருக்கு இது புதுச் செய்தி. இரண்டு மழைக்காலம் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று வந்த கடிதத்தில், எவையெல்லாம் நிறுத்தப்பட்டன என்று ஒரு வரிகூட இல்லை.

"நோட்டு கையில இருக்கா?" என்றாள் பிச்சம்மாள்.

எஸ்தர் பையிலிருந்து எடுத்தாள். ஒன்பதாம் கூட்டின் ஆறு நாள் குறிப்புகளைத் தாண்டி வெற்றுப் பக்கம் ஒன்றைப் புரட்டினாள்.

"மருந்தை நிறுத்தணும்னு எழுதுங்க. லயத்து ஆளுகளும் சொல்றோம்னு எழுதுங்க, நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடறோம். ஆனா அதுக்கு மேல, மொத வரியா, பூட்ஸ்னு எழுதுங்க."

எஸ்தர் எழுதினாள். பிச்சம்மாள் எழுந்து சரிவில் இறங்கி, புதர்களை விலக்கி, எலி கால்வைக்காத இடமாகப் பார்த்து ஓணான் தேட ஆரம்பித்தாள்.